நிலாவெளிப் படகுச் சேவையும் கூகுள் ஏலமும்: விளம்பரத்துக்கு முன் செய்த போட்டி ஆய்வு

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள நிலாவெளிக் கடற்கரையிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடும் ஒரு குடும்பத்தினர், கூகுள் தேடலில் கிளிக் ஒன்றுக்குக் கட்டணம் செலுத்தும் விளம்பரத்தைத் தொடங்கலாமா என்று கேட்டு வந்தார்கள். பணத்தை இறக்குவதற்கு முன், அந்தச் சிறிய துறையில் யார் யார் ஏற்கெனவே இடம்பிடித்து நிற்கிறார்கள் என்பதை அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தேன். அந்த ஆய்வு எப்படிச் செய்யப்பட்டது, எதைக் காட்டியது, அதிலிருந்து என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதே இந்தப் பதிவு. குடும்பத்தின் பெயரும் அவர்களது உண்மையான வரவு செலவும் அவர்களுக்கே உரியவை. ஆகவே கணக்குக் காட்ட வேண்டிய இடங்களில் எடுத்துக்காட்டுத் தொகைகளையே பயன்படுத்தியிருக்கிறேன்.

தொழிலின் நிலை

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 2003இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நுழைவுச்சீட்டை வனசீவராசிகள் திணைக்களம் வழங்குகிறது. வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்நாட்டவருக்கானதைவிடப் பல மடங்கு அதிகம். பவளப்பாறைகளையும், கரைக்கு மிக அருகிலேயே உலவும் கருமுனைச் சுறாக்களையும் பார்க்க வருவோருக்குப் படகு, நீர்க்கண்ணாடி, மூச்சுக்குழல், காற்சிறகு ஆகியவற்றைக் கொடுத்து அழைத்துச் செல்வதே இவர்களது தொழில். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், விடியற்காலையில் டொல்பின் பார்க்கவும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றிச் செல்வார்கள். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கி நவம்பரில் கடல் கொந்தளிக்கும்போது படகுகள் கரையேறிவிடும்.

வாடிக்கையாளர்களிற் பெரும்பகுதியினர் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உள்ள விடுதிகள் வழியாகவே வருகிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் விடுதிக்கு ஒரு பங்கு போகிறது. அந்தப் பங்கைக் குறைத்து, நேரடியாக ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்பதே குடும்பத்தின் நோக்கம். இந்த ஆய்வைக் கேட்டவர் மகள். தந்தைக்கு அது தேவையற்றதாகப் பட்டது. "தம்பி, இந்தக் கரையில ஆர் ஆர் எங்களுக்குப் போட்டியெண்டு எனக்குத் தெரியாதே? அதுக்கு ஏன் ஆராய்ச்சி?" என்று அவர் கேட்டார். கரையைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுக்கச் சரி. தேடல் பக்கத்தில் நிற்பவர்கள் வேறு ஆட்கள் என்பதை அவருக்குக் காட்டுவதிலிருந்தே வேலை தொடங்கியது.

தேடல் பக்கத்தில் நிற்பவர்கள்

கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்றைத் திறந்தால், விளம்பரம் எதையும் ஓடவிடாமலேயே அதன் முன்னோட்டக் கருவியைப் பயன்படுத்தலாம். இடம், மொழி, சாதனம் ஆகியவற்றைத் தெரிவுசெய்தால், அந்த இடத்தில் இருப்பவர் ஒரு சொல்லைத் தேடும்போது எந்தெந்த விளம்பரங்கள் வரக்கூடும் என்பதை அது காட்டும். சாதாரணமாகத் தேடிப் பார்ப்பதைவிட இது நல்லது. ஏனென்றால் நமது தேடல் வரலாறு முடிவைத் திரிக்காது, மற்றவர்களின் விளம்பரக் கணக்கில் பொய்யான பார்வைகளும் சேராது. ஒரே சொல்லை இலண்டனில் இருப்பவராகவும், கொழும்பில் இருப்பவராகவும், திருகோணமலையிலேயே கைத்தொலைபேசியோடு இருப்பவராகவும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

"திருகோணமலையில் பார்க்க வேண்டியவை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் தேடினால், மேலே நிற்பவை பயண முன்பதிவுத் தளங்கள். அவர்களுக்கு அந்த இடம் ஏன் கட்டுப்படியாகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் போட்டியைப் புரிந்துகொள்ள முடியாது. பொதுவான சொல்லைத் தேடி வருபவர், அந்தத் தளத்தில் விடுதி எடுக்கலாம், வாகனம் எடுக்கலாம், கண்டியிலும் எல்லவிலும் வேறு பயணங்களைப் பதிவு செய்யலாம். எதை வாங்கினாலும் தளத்துக்குத் தரகு கிடைக்கும். ஆகவே அந்த ஒரு கிளிக் அவர்களுக்குப் பெறுமதியானது. படகு ஒன்றை மட்டும் விற்பவருக்கு அதே கிளிக்கின் பெறுமதி மிகக் குறைவு. புக்கிங்.கொம் முன்பதிவுத் தளத்தின் தாய் நிறுவனமான புக்கிங் ஹோல்டிங்ஸ் 2023இல் சந்தைப்படுத்தலுக்குச் செலவிட்ட தொகை 600 கோடி அமெரிக்க டொலருக்கும் அதிகம் என்பதை மகளிடம் சொன்னபோது அவர் மனந்தளர்ந்தது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்தப் பெருந்தொகை எல்லாச் சொற்களிலும் ஒரே அடர்த்தியோடு பரவுவதில்லை. பலவற்றை விற்கும் தளத்துக்குப் பொதுச்சொற்களில் இலாபம் அதிகம். "நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் படகு" போன்ற குறிப்பான தேடலில் அந்த அனுகூலம் தேய்ந்துவிடுகிறது.

ஒவ்வொரு தேடலின்போதும் விளம்பர இடத்துக்காக விளம்பரதாரர்களிடையே கூகுள் நடத்தும் ஏலத்தின் அமைப்பும் இதற்கு இடம் தருகிறது. கிளிக் விளம்பரம் 1998இல் கோடூ (GoTo.com) என்ற தேடல் தளத்தில் தொடங்கியபோது, அதிக விலை கேட்டவருக்கே முதலிடம் கிடைத்தது. 2002இல் கூகுள் கிளிக் கட்டண முறைக்கு மாறியபோது, கேட்ட விலையோடு அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு தொடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே வரிசையைத் தீர்மானித்தது. இன்று அந்தக் கணக்கில் விளம்பரத்தின் பொருத்தம், அதைத் தொட்டவர் போய்ச் சேரும் பக்கத்தின் தரம், தேடுபவரின் இடம், நேரம், சாதனம் எல்லாமே சேர்கின்றன. புறாத்தீவுப் பயணத்தின் விலை, புறப்படும் நேரம், நுழைவுச்சீட்டு விபரம் ஆகியவற்றை நேரடியாகச் சொல்லும் ஒரு பக்கம், நூறு இடங்களின் பட்டியலைக் காட்டும் பக்கத்தைவிட அந்தத் தேடலுக்குப் பொருத்தமானது. ஆகவே குறைந்த விலை கேட்டும் மேலே வர வாய்ப்பு உண்டு. பெரியவர்களின் பணத்தைக் கண்டு ஒதுங்கிக்கொள்ளும் சிறு வியாபாரிகள் பலருக்கு இந்த ஒரு விடயத்தை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விடயம்.

திருகோணமலைக்குள்ளேயே இருப்பவராகப் பார்த்தபோது காட்சி மாறியது. அங்கே விளம்பரங்கள் குறைவாக இருந்தன. பக்கத்தை நிறைத்தது கூகுள் வரைபடம். அதில் மட்டுமே தந்தைக்குப் பெயர் சொல்லித் தெரிந்த போட்டியாளர்கள் வந்தார்கள். சிலரிடம் வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகளும் படங்களும் நிறைய இருந்தன. இந்தக் குடும்பத்தின் படகுச் சேவை வரைபடத்தில் பதியப்படவே இல்லை. விளம்பரத்துக்குக் காசு கொடுக்கும் முன் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலை அது என்பது அந்த இடத்திலேயே தெளிவாகிவிட்டது.

ஒரே பெயரில் பல தீவுகள்

எங்களுக்கு மிகுந்த பயன் தந்தது இந்தப் பகுதிதான். ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்பதைக் காட்டும் கூகுளின் தேடுசொல் திட்டக் கருவியில் (Keyword Planner) புறாத்தீவின் ஆங்கிலப் பெயரை (Pigeon Island) உலகம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தால், தேடல் எண்ணிக்கை மகிழ்ச்சியூட்டும் அளவுக்கு வரும். அதை நம்பிப் பணம் ஒதுக்கினால் பெரும்பகுதி கடலில்தான் போகும். அதே ஆங்கிலப் பெயரில் கரீபியக் கடலின் சென் லூசியாவில் ஒரு புகழ்பெற்ற சுற்றுலாத்தலம் உண்டு. துருக்கியின் குசாடசி நகரிலும் அதே பெயரில் கோட்டையுள்ள தீவு ஒன்று உண்டு. இந்தியாவின் கர்நாடகத்தில் முருடேசுவரத்துக்கு எதிரே உள்ள நேத்ராணித் தீவையும் அதே பெயரால் அழைப்பார்கள். அங்கேயும் ஆட்கள் நீர்மூழ்கிப் பவளப்பாறை பார்க்கத்தான் போகிறார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். அந்தச் சொல்லுக்குக் கருவி காட்டும் போட்டி இந்த எல்லா ஊர் விளம்பரதாரரையும் சேர்த்தது. அவர்களில் ஒருவரும் இந்தக் குடும்பத்துக்குப் போட்டியாளர் அல்லர்.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் திருகோணமலையின் ஆங்கிலப் பெயரைத் தேடுபவர்களில் ஒரு பகுதியினர் தேடுவது ஒரு கப்பலை. 1817இல் பம்பாயில் கட்டி முடிக்கப்பட்டு நீரில் இறக்கப்பட்ட அந்தப் பாய்மரப் போர்க்கப்பல், இன்று இங்கிலாந்தின் ஹார்டில்பூல் நகரில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. அதற்கு நுழைவுச்சீட்டு வாங்க நினைப்பவர் நிலாவெளிப் படகு விளம்பரத்தைத் தவறித் தொட்டால், காசு நம்முடையது.

ஆகவே விளம்பரம் தொடங்கும் முன்பே விலக்குச் சொற்களின் பட்டியலைத் தயாரித்தோம்; இந்தச் சொற்கள் தேடலில் இருந்தால் விளம்பரம் காட்டப்படாது. சென் லூசியா, துருக்கி, நேத்ராணி, முருடேசுவரம், ஹார்டில்பூல், போர்க்கப்பல், அருங்காட்சியகம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் முதலில் சேர்ந்தன. அதன்பின் வேலைவாய்ப்பு, காலநிலை, தொடருந்து நேரம், துறைமுகம் என்று படகுப் பயணத்தோடு தொடர்பில்லாத உள்ளூர்த் தேடல்கள் சேர்ந்தன. இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சிய தேடல் எண்ணிக்கை சிறியது. ஆனால் அந்தச் சிறிய எண்ணிக்கைதான் உண்மையான சந்தை; போட்டியையும் அதற்குள்தான் அளக்க வேண்டும்.

கருவிகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

தேடுசொல் திட்டக் கருவியில் "போட்டி" என்ற ஒரு நிரல் உண்டு. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அது காட்டும். அந்தச் சொல்லுக்கு எத்தனை விளம்பரதாரர் முன்வருகிறார்கள் என்பதை மற்றச் சொற்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு மட்டுமே அது. "குறைவு" என்று கண்டதும் வாய்ப்பு இருக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. யாரும் எதையும் வாங்காத சொல்லுக்கும் போட்டி குறைவாகத்தான் இருக்கும். "புறாத்தீவு வரலாறு" என்ற தேடலுக்கு விளம்பரதாரர் வராததற்குக் காரணம் அவர்களின் கவனக்குறைவு அல்ல; அதைத் தேடுபவர் பெரும்பாலும் மாணவர். அதைவிடப் பயனுள்ளவை, பக்கத்தின் மேற்பகுதிக்கு வரப் பிறர் கேட்ட விலைகளின் கீழெல்லையும் மேலெல்லையும். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், வேறு வேறு பெறுமதி கணக்கிடும் ஆட்கள் ஒரே சொல்லில் மோதுகிறார்கள் என்று கொள்ளலாம். பணம் செலவிடாத புதிய கணக்குகளுக்குத் தேடல் எண்ணிக்கை 10 முதல் 100 வரை, 100 முதல் 1,000 வரை என்ற அகன்ற இடைவெளிகளாகவே காட்டப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2023 மார்ச்சில் கூகுள் தொடங்கிய விளம்பர வெளிப்படைத்தன்மைத் தளத்தில், ஒரு விளம்பரதாரரின் பெயரையோ இணையத்தள முகவரியையோ கொடுத்தால் அவரது விளம்பரங்களையும், அவை எந்த நாட்டில் கடைசியாக எப்போது தோன்றின என்பதையும் பார்க்கலாம். எந்தத் தேடுசொல்லுக்கு, எவ்வளவு செலவில் என்பது அங்கே கிடையாது. பேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரங்களுக்கு மெற்றாவின் விளம்பர நூலகம் இருக்கிறது. இவற்றில் நாங்கள் தேடியது சொல்லும் முறையை. முன்பதிவுத் தளங்கள் பெரும்பாலும் இலவச இரத்து, உடனடி உறுதி என்ற இரண்டையுமே முன்வைக்கின்றன. கடல் மோசமானால் பணம் திரும்பும் என்பதையோ, நுழைவுச்சீட்டு விலையில் அடங்குமா இல்லையா என்பதையோ நாங்கள் பார்த்த விளம்பரங்கள் சொல்லவில்லை. கரையில் வந்து இறங்கும் பயணிகள் முதலில் கேட்கும் கேள்விகளே இவை இரண்டும் என்று தந்தை சொன்னார். விளம்பர வாசகம் அந்த இடத்தில்தான் பிறந்தது.

போட்டியாளரின் பெயரையே தேடுசொல்லாக வாங்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. பிறரது வணிகப் பெயரைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவதை கூகுள் தடுப்பதில்லை. விளம்பர வாசகத்தில் போட்டால்தான், உரிமையாளர் முறையிடும்போது கட்டுப்பாடு வரும். அனுமதி இருந்தும் அதைச் செய்வதில்லை என்று குடும்பம் முடிவெடுத்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கயிறு போட்டு இழுத்து வருபவர் அந்தப் பக்கத்துப் படகுக்காரர்தான். அந்த முடிவு சரியானது என்றே நானும் கருதுகிறேன்.

எவ்வளவு விலை கேட்கலாம்

போட்டியை அளந்த பிறகு நம்மால் தாங்கக்கூடிய விலையை அளக்க வேண்டும். எரிபொருள், ஆட்கூலி, உபகரணத் தேய்மானம் எல்லாம் போக ஒரு பயணத்தில் 8,000 ரூபாய் மிஞ்சுவதாகவும், பக்கத்துக்கு வரும் 100 பேரில் 3 பேர் பதிவு செய்வதாகவும் கொள்வோம். 100 கிளிக்குகளால் 24,000 ரூபாய் வரும். கிளிக் ஒன்றுக்கு 240 ரூபாய் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பலர் இந்த 240ஐ எல்லையாக வைத்து, அதற்குள் எவ்வளவு கொடுத்தாலும் இலாபம்தானே என்று நினைக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது. விடுதி வழியாக வரும் ஒரு பயணத்துக்கு 2,000 ரூபாய் பங்கு கொடுப்பதாக வைத்துக்கொண்டால், விளம்பரம் வழியாக வரும் பயணத்துக்கும் 2,000 ரூபாய்க்குள்தான் செலவாக வேண்டும். இல்லாவிட்டால் விடுதிக்குக் கொடுத்ததையே, அல்லது அதைவிடக் கூடுதலாக, கூகுளுக்குக் கொடுப்பதாகிவிடும். 3 பயணத்துக்கு 6,000 ரூபாய். அதை 100 கிளிக்குகளுக்குப் பிரித்தால் கிளிக்குக்கு 60 ரூபாய். உண்மையான உச்சவரம்பு அதுதான். வார நாட்களில் படகு வெறுமையாக நிற்கும் காலத்தில் மட்டும் அதைச் சற்று உயர்த்தலாம், ஏனென்றால் அப்போது விடுதியும் ஆள் அனுப்புவதில்லை. பதிவு செய்பவர் வீதம் 3இலிருந்து 1.5ஆகக் குறைந்தால் வரம்பும் 30 ரூபாயாகக் குறையும். அதனால்தான் பேஸ்புக் பக்கத்துக்கு ஆட்களை அனுப்பாமல், விலையும் வட்ஸ்அப் பொத்தானும் முதல் திரையிலேயே தெரியும் தனிப் பக்கம் ஒன்றை முதலில் அமைக்கச் சொன்னேன்.

கருவி காட்டிய விலை எல்லைகளை இந்த வரம்போடு ஒப்பிட்டபோது பொதுச்சொற்கள் அனைத்தும் தாமாகவே விழுந்துவிட்டன. மிஞ்சியவை நிலாவெளியையும் புறாத்தீவையும் படகையும் ஒன்றாகச் சேர்த்துத் தேடும் நீண்ட சொற்றொடர்கள்.

பருவமும் திமிங்கிலமும்

இலங்கையில் திமிங்கிலம் பார்ப்பதற்கான தேடல்களில் மிரிசையை விட்டுவிட்டுப் பேச முடியாது. தென்கரையின் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. திருகோணமலைப் பருவமோ மே முதல் ஒக்டோபர் வரை. சனவரியில் இந்தச் சொற்களின் போட்டியைப் பார்த்தால் நுழையவே முடியாது என்று தோன்றும், ஆனால் அப்போது இங்கே படகே ஓடாது. யூலையில் பார்த்தால் தெற்கிலே கடல் கொந்தளிப்பு. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் ஒதுங்கியிருப்பார்கள். ஆகவே இந்தத் துறையின் போட்டியை ஒரு மாதத்தில் பார்த்து முடிவெடுப்பது பிழையான முடிவுக்கே கொண்டுபோகும். கூகுள் போக்குகள் தளத்தில் இரண்டு ஊர்களையும் ஒன்றாகப் போட்டால், தேடல் ஆர்வம் பருவத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சில ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்க்கலாம்.

உள்நாட்டவரின் காலம் வேறு. சித்திரைப் புத்தாண்டு, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை, போயா (பௌர்ணமி) தினத்தோடு சேரும் நீண்ட வார இறுதிகள் ஆகியவற்றில் அவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் வந்து இறங்கிய பிறகே தேடுகிறார்கள். தமிழில் கூகுள் விளம்பரம் கொடுக்கும் வசதி 2018இலிருந்து இருக்கிறது. தமிழ்த் தேடல்களில் எங்கள் முன்னோட்டத்தில் விளம்பரமே தோன்றவில்லை. எண்ணிக்கை மிகச் சிறிது என்றாலும், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கோணேசர் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் மறுநாள் கடலுக்குப் போக நினைப்பதுண்டு. அதற்காகத் தமிழ்ச் சொற்கள் சிலவற்றைச் சேர்த்தோம்.

எடுத்த முடிவு

முதற்கட்டமாக, திருகோணமலை மாவட்டத்துக்குள் உண்மையிலேயே இருப்பவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டுவது என்று தீர்மானித்தோம். கூகுளின் இட அமைப்பு இயல்பாக "இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்" என்றே இருக்கும். அதை "இருப்பவர்கள்" என்று மாற்றாவிட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் கிளிக் வரலாம். மாலையில் விடுதியில் இருந்துகொண்டு நாளைக்கு என்ன செய்யலாம் என்று தேடும் அந்தப் பயணியிடம் முன்பதிவுத் தளங்களின் பிடி தளர்வானது. நேரில் பேசக்கூடிய படகுக்காரரின் பிடி வலுவானது. வெளிநாட்டிலிருந்து திட்டமிடுபவர்களுக்கு, மிகக் குறிப்பான சொற்றொடர்களை மட்டும் கொண்ட இரண்டாவது சிறு பிரசாரம் ஒன்றை ஒதுக்கினோம். நாம் கொடுத்த சொல்லோடு தேடுபவரின் சொல் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்ற சொற்பொருத்தத்தை இரண்டிலும் இறுக்கமாகவே வைத்தோம். வரைபடப் பதிவு விளம்பரத்துக்கு முன்பே முடிந்தது.

தொடங்கிய முதல் வாரங்களில், எந்தத் தேடல்களுக்கு விளம்பரம் தோன்றியது என்பதைக் காட்டும் தேடல் அறிக்கை ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்டியது: புறாத்தீவு நுழைவுக் கட்டணத்தைத் தேடி வருபவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். அவர்களை விலக்குவதா என்று யோசித்து, விலக்காமல், கட்டண விபரத்தைப் பக்கத்தின் தலைப்பகுதிக்கே கொண்டுவந்தோம். அவர்களில் சிலர் வட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினார்கள். விளம்பரம் ஓடத் தொடங்கிய பிறகே கிடைக்கும் ஏல ஒப்பீட்டு அறிக்கையில், மாவட்டத்துக்குள் எங்களோடு அடிக்கடி மோதியது நாங்கள் முன்னோட்டத்தில் கண்ட பெரிய தளங்களில் ஒன்றும், முன்பு கண்ணில் படாத ஒரு விடுதியும். விளம்பரம் தொடங்கும் முன் செய்யும் ஆய்வு ஏலத்துக்குள் யார் எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள் என்பதைச் சொல்லாது; இந்த அறிக்கைதான் சொல்லும். ஆகவே அதை மாதந்தோறும் பார்ப்பது என்பதையும் திட்டத்தில் சேர்த்தோம்.

திமிங்கிலச் சொற்களை இன்னும் தொடவில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன், ஏப்ரல் இறுதியிலும் மீண்டும் யூன் நடுப்பகுதியிலும் அதே முன்னோட்டத்தை எடுத்து, மிரிசை விளம்பரதாரர் எப்போது விலகுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்ட பிறகே அதற்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் பேசுவதாக இருக்கிறோம். அந்தக் குறிப்பேட்டை இப்போது மகளே வைத்திருக்கிறார்.